கடைசியாக ஒரு கும்பிடு

உங்கள் வீட்டில் பழைய தையல் மெஷின் ஏதாவது இருக்கிறதா? அல்லது, இருந்ததா?

எங்கள் வீட்டில் இருந்தது. காலால் மிதித்து ஓட்டுகிற மெஷின். அதில் தைத்துத்தான் அம்மா என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார். பக்கத்துத் தெருப் பெண்களுக்கு ஜாக்கெட், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம், புடவைகளுக்கு ஃபால்ஸ்... தீபாவளி நெருங்கிவிட்டால் ராத்திரி ஒரு மணி வரைக்கும் அந்தக் 'கடகட' சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில்தான் நான் தூங்கிப் பழகினேன். ஆயுத பூஜை வந்தால் மெஷினைத் துடைத்து, எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு முழம் பூவைச் சுற்றி, அன்று ஒருநாள் மட்டும் அதற்கு ஓய்வு கொடுப்பார் அம்மா.

மூன்று வருடங்களுக்கு முன்பு வீடு மாறினோம். புது வீடு சின்னது. அம்மா அப்போது தம்பி வீட்டில் இருந்தார். கண் பார்வை மங்கி, அவர் மெஷின் முன்னால் உட்கார்ந்தே பல வருடங்கள் ஆகியிருந்தன. சாமான்களை லாரியில் ஏற்றுகிற அவசரத்தில் பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டு, உடைந்த நாற்காலி, ஓட்டை வாளி இவற்றோடு சேர்த்து அந்த மெஷினையும் எடைக்குப் போட்டுவிட்டேன்.

அம்மா வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

''மெஷின் எங்கடி?''

சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

''அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு கும்பிடாவது போட்டியா?''

என்னிடம் பதில் இல்லை. அந்த நேரத்தில் எனக்கு எரிச்சல்கூட வந்தது. 'இரும்புக்குப் போய்க் கும்பிடா? அதற்கு என்ன தெரியும்?' என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். ஆனால், அந்தக் கேள்வி என்னை விடவில்லை. உயிரில்லாத ஒரு பொருளுக்கு நாம் நன்றிக்கடன் பட்டிருக்கிறோமா? அதை அனுப்பும்போது வழியனுப்ப வேண்டுமா? அப்படிச் செய்வது பண்பா, பைத்தியக்காரத்தனமா?

இந்தக் கேள்விக்கு விடை தேட எனக்கு உதவியது, நான் கொஞ்சமும் எதிர்பார்க்காத ஓர் இடத்திலிருந்து வந்த இசை. அந்தக் கதையைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

பாடிய கணிப்பொறி

அலுவலகத் தோழி ஒருத்தி, ''இதைக் கேட்டுப் பாரேன்'' என்று சொல்லி ஒருநாள் என் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டாள். முதலில் மிகவும் மெல்லிய, கொஞ்சம் கரகரப்பான ஒரு மெட்டு. பழைய ரேடியோவில் தூரத்து ஸ்டேஷன் ஒன்று கிடைத்தும் கிடைக்காமலும் இருப்பது போல. ஆர்கன் மாதிரியும் இருக்கிறது, விசில் மாதிரியும் இருக்கிறது. அந்த மெட்டைச் சுற்றி வயலின்கள் ஒவ்வொன்றாக எழுந்து வருகின்றன. தனியாக அழுதுகொண்டிருக்கும் குழந்தையைச் சுற்றி வீட்டார் எல்லோரும் கூடிவிடுவது போல இருந்தது எனக்கு.

''அந்த முதல் மெட்டைப் பாடுவது யார் தெரியுமா?'' என்று கேட்டாள் தோழி. ''மனுஷன் இல்லை. 1960-களில் ஓடிய ஒரு கம்ப்யூட்டர்!''

அந்த ஆல்பத்தின் பெயர் 'ஐ.பி.எம். 1401: எ யூசர்ஸ் மேனுவல்'. அதாவது, 'ஐ.பி.எம். 1401 - பயன்படுத்துவோர் கையேடு'. இசை என்றே சொல்லத் தோன்றாத தலைப்பு! இதை இயற்றியவர் ஐஸ்லாந்து நாட்டைச் சேர்ந்த யோஹான் யோஹான்சன். 1969-ல் அந்நாட்டின் தலைநகரான ரெய்க்யவிக்கில் பிறந்தவர். ஆல்பம் வெளிவந்தது 2006-ல்.

ஐஸ்லாந்தில் பெரும்பாலும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் கிடையாது. தந்தையின் பெயரோடு 'மகன்' அல்லது 'மகள்' என்று சேர்த்துக்கொள்வார்கள். யோஹான்சன் என்றால் 'யோஹானின் மகன்'. நம் ஊரில் அப்பா பெயரை இனிஷியலாகப் போட்டுக்கொள்கிறோமே, கிட்டத்தட்ட அதே போலத்தான். இந்த இசையும் அப்படிப்பட்டதுதான். ஒரு மகன், தன் தந்தையின் கைவேலையை முன்னே வைத்துக்கொண்டு எழுதிய இசை.

அந்தத் தந்தை, ஐ.பி.எம். நிறுவனத்தின் பராமரிப்புப் பொறியாளர். 1964-ல் ஐஸ்லாந்துக்கு ஐ.பி.எம். 1401 கணிப்பொறி வந்து இறங்கியது. அந்த நாடு பார்த்த முதல் கணிப்பொறிகளில் அதுவும் ஒன்று. அதைப் பழுதின்றி ஓட வைப்பதுதான் அவருடைய வேலை.

கணிப்பொறி என்றதும் மேஜை மேல் இருக்கும் பெட்டியையோ, மடியில் வைத்துக்கொள்ளும் லேப்டாப்பையோ நினைத்துக்கொள்ளாதீர்கள். 1959-ல் அறிவிக்கப்பட்ட இந்த மாடலில், கணக்குப் போடும் பகுதி ஓர் அலமாரி. அட்டைகளைப் படித்துத் துளையிடும் பகுதி இன்னோர் அலமாரி. அச்சடிக்கும் இயந்திரம் தனி. காந்த நாடாச் சுருள்கள் தனி. ஓர் அறை முழுக்க அடைத்துக்கொள்ளும். நிமிஷத்துக்கு 800 அட்டைகளைப் படிக்கும், 600 வரிகளை அச்சடிக்கும். ஆனால், அதன் நினைவகத்தின் மொத்தக் கொள்ளளவு எவ்வளவு தெரியுமா? அதிகபட்சம் 16,000 எழுத்துகள்! நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கிற இந்தக் கட்டுரையைக்கூட அதில் முழுசாக வைக்க முடியாது. ஆனாலும், அந்தக் காலத்தில் அது ராஜா. உலகம் முழுக்க 10,000-க்கும் மேற்பட்ட 1401 இயந்திரங்கள் ஓடின.

இந்த இயந்திரத்துக்குப் பாடத் தெரியாது. அதற்கு ஒலிபெருக்கியே கிடையாது. பிறகு எப்படிப் பாடியது?

அதன் நினைவகம், சின்னச் சின்னக் காந்த வளையங்களை நுண்ணிய கம்பிகளில் கோத்துச் செய்தது. நம் பாசிமணி மாலை மாதிரி. கணக்குப் போடும்போது அந்தக் கம்பிகளில் மின்சாரம் ஓடி ஓடி நிற்கும். அப்போது அதிலிருந்து மின்காந்த அலைகள் கசியும். பக்கத்தில் ஒரு ரேடியோவை வைத்தால், அந்தக் கசிவு 'கொர்'ரென்று ரேடியோவில் கேட்கும். ஒரே வேலையை இயந்திரம் விநாடிக்குக் குறிப்பிட்ட தடவை திரும்பத் திரும்பச் செய்தால், அந்தக் 'கொர்' ஒரு சுரமாக மாறிவிடும். விநாடிக்கு 440 தடவை செய்தால் ஒரு சுரம். இன்னும் கூடுதலாகச் செய்தால் அதற்கும் மேலான சுரம். இதைக் கண்டுபிடித்துக்கொண்ட அந்தத் தந்தை, வேலை முடிந்த நேரங்களில் எந்தக் கணக்குக்கும் உதவாத கட்டளைகளை இயந்திரத்துக்கு எழுதிக்கொடுத்து, அதைப் பாட வைத்தார்.

யோசித்துப் பாருங்களேன். யாரும் கேட்கவில்லை. சம்பளம் கூடப்போவதில்லை. ஒரு பொறியாளர், தான் தினமும் எண்ணெய் போட்டுத் துடைக்கிற இயந்திரத்திடம், 'உனக்குள் ஒரு பாட்டும் இருக்கிறதா?' என்று கேட்டுப் பார்த்திருக்கிறார். இருந்திருக்கிறது!

விடை கொடுத்த நாள்

1971-ல் அந்த இயந்திரத்தின் காலம் முடிந்தது. அதைவிட வேகமான கணிப்பொறிகள் வந்துவிட்டன. வழக்கமாக இப்படிப்பட்ட சமயத்தில் என்ன நடக்கும்? மின் இணைப்பைப் பிடுங்குவார்கள். ஆட்கள் வந்து தூக்கிப் போவார்கள். அவ்வளவுதான்.

ஆனால், ரெய்க்யவிக்கில் வேறு மாதிரி நடந்தது. அதோடு வேலை பார்த்தவர்கள் கூடி, அந்த இயந்திரத்துக்குச் சின்னதாக ஒரு வழியனுப்பு விழா நடத்தினார்கள். அதன் மெட்டுகளைக் கடைசி முறையாக அதைப் பாட வைத்துக் கேட்டார்கள். அந்தப் பாட்டையும், அது இயங்கும் சத்தத்தையும் ஸ்பூல் டேப்பில் பதிவு செய்துகொண்டார்கள். பிறகு அந்த டேப் வீட்டுப் பரணுக்குப் போய்விட்டது.

பல வருடங்களுக்குப் பிறகு, இசையமைப்பாளராக வளர்ந்துவிட்ட மகன் அந்தப் பரணிலிருந்து டேப்பை எடுத்துக் கேட்டார். அதை வைத்து முதலில் ஒரு நடன நிகழ்ச்சிக்காக, நான்கு நரம்பு வாத்தியங்களும் ஆர்கனும் மின்னணு ஒலிகளும் சேர்ந்த ஓர் இசையை எழுதினார். நடனத்தை அமைத்தவர் எர்னா ஓமார்ஸ்டோட்டிர் என்ற ஐஸ்லாந்துப் பெண்மணி. பிறகு அதே இசையை 60 பேர் கொண்ட நரம்பு வாத்தியக் குழுவுக்காகத் திருத்தி எழுதி, செக் நாட்டின் பிராக் நகர இசைக் குழுவை வாசிக்க வைத்து ஆல்பமாக்கினார்.

மொத்தம் ஐந்து பகுதிகள். முதல் நான்குக்கும் இயந்திரப் பாகங்களின் பெயர்கள்தான் தலைப்பு. கணக்குப் போடும் பகுதி, அச்சு இயந்திரம், அட்டை இயந்திரம், காந்த நாடா இயந்திரம். அச்சு இயந்திரத்துக்கான பகுதியில் ஒரு மனிதக் குரல் வருகிறது. கவிதை சொல்லவில்லை. இயந்திரத்தை எப்படிப் பராமரிக்க வேண்டும் என்ற குறிப்புகளை, உணர்ச்சியே இல்லாமல் வாசித்துக்கொண்டு போகிறது. பின்னால் வயலின்கள் உருகுகின்றன. அந்த இடத்தில் என் கண் கலங்கிவிட்டது. ஏன் என்று அப்போது புரியவில்லை. பிறகு புரிந்தது. 'பெல்ட்டைத் தளர்த்து, இங்கே ஒரு சொட்டு எண்ணெய் விடு, பாபினைச் சரியாக மாட்டு' என்று அம்மா எனக்குச் சொல்லித் தந்ததும் அதே தொனியில்தான்!

கடைசிப் பகுதியில் மின்னணுக் கருவியால் மாற்றப்பட்ட ஒரு குரல் பாடுகிறது. அமெரிக்கப் பெண் கவிஞர் டோரதி பார்க்கரின் ஒருதலைக் காதல் கவிதையைத் தழுவி எழுதியது. நான் உன்னை நேசித்தேன், நீ நேசிக்கவில்லை என்பதுதான் விஷயம். மனிதன் இயந்திரத்திடம் பாடுகிறானா, இயந்திரம் மனிதனிடம் பாடுகிறதா? அதைக் கேட்பவரின் யோசனைக்கே விட்டுவிடுகிறார் யோஹான்சன்.

மூன்று மறுப்புகள்

இதைக் கேட்டதும் நெகிழ்ந்துபோய், 'ஆகா, பொருள்களையெல்லாம் நேசிப்போம்' என்று முடித்துவிடலாம். ஆனால், அது நேர்மையாக இருக்காது. எனக்குள்ளேயே மூன்று மறுப்புகள் எழுந்தன. உங்களுக்கும் எழுந்திருக்கும்.

முதல் மறுப்பு: 'அதற்கு ஒன்றும் தெரியாதே! தெரியாத ஒன்றுக்கு நன்றி சொல்லி என்ன பயன்?'

வாஸ்தவம்தான். தையல் மெஷினுக்கும் தெரியாது, 1401-க்கும் தெரியாது. ஆனால், நன்றி என்பது பெறுகிறவரின் லாபத்துக்காக மட்டும் சொல்வதா? ஜெர்மானியத் தத்துவ ஞானி இம்மானுவேல் காண்ட் இதைப் பற்றி யோசித்திருக்கிறார். உயிரில்லாத அழகிய பொருளைக்கூடக் காரணமில்லாமல் அழிக்கிற சுபாவம், மனிதன் தனக்குத் தானே செய்ய வேண்டிய கடமைக்கு விரோதமானது என்பது அவர் கருத்து. அதாவது, தப்பு அந்தப் பொருளுக்கு நேர்வதில்லை. நமக்குத்தான் நேர்கிறது. கை எதைத் தூக்கி எறியப் பழகுகிறதோ, மனசும் அதையே பழகிக்கொள்கிறது.

இன்னொன்றையும் கவனித்தேன். வருடா வருடம் ஆயுத பூஜையன்று பொட்டு வைக்கிறோமே, அதில் நன்றி மட்டுமா இருக்கிறது? 'வருகிற வருடமும் பழுதில்லாமல் ஓட வேண்டும், வியாபாரம் பெருக வேண்டும்' என்ற வேண்டுதலும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அதில் தப்பில்லை. பிழைக்க வேண்டும் அல்லவா? ஆனால், இனி ஓடவே போவதில்லை என்று தெரிந்த பிறகு ஒரு பொருளுக்குக் கும்பிடு போட்டால், அதில் எந்த வேண்டுதலும் இருக்க முடியாது. அது வெறும் நன்றி. கலப்படமே இல்லாத நன்றி! மனிதர்களுக்கு நாம் சொல்லும் நன்றிகளில்கூட இப்படி ஒன்று கிடைப்பது அபூர்வம்.

பாருங்கள், வருடம் தவறாமல் பொட்டு வைத்த வீடு எங்களுடையது. கடைசி நாளில் எடைக்கல் பக்கத்தில் நின்று, கிலோவுக்கு எவ்வளவு என்று பேரம் பேசியதும் நான்தான். ஆயுத பூஜை என்ற வழக்கமே இல்லாத ஒரு நாட்டில், சட்டை மடித்துவிட்டு வேலை பார்க்கும் சில பொறியாளர்கள், கடைசி நாளில் கூடி நின்று விடை கொடுத்திருக்கிறார்கள்.

நம் கோயில்களில் இதற்கு வழி இருக்கிறது. திருப்பணி தொடங்கும் முன் பாலாலயம் செய்வார்கள். விக்கிரகத்தில் உறையும் சக்தியை முறைப்படி வேறோரு கும்பத்துக்கோ படத்துக்கோ எழுந்தருளச் செய்த பிறகுதான் திருப்பணி ஆரம்பமாகும். விடைபெறாமல் அங்கே எதுவும் நடப்பதில்லை. அந்த நாகரிகத்தைச் சந்நிதியோடு விட்டுவிட்டோம். வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

இரண்டாவது மறுப்பு: 'இது பற்று அல்லவா? பொருளின் மேல் ஆசையை விடச் சொல்வதுதானே ஆன்மிகம்?'

இதையும் நன்றாக யோசித்தேன். பற்று என்பது விடாமல் பிடித்துக்கொள்வது. வழியனுப்புவது என்பது விட்டுவிடுவது. இரண்டும் ஒன்றல்ல. அந்தப் பொறியாளர்கள், 'எங்கள் இயந்திரத்தைத் தரமாட்டோம்' என்று கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. போகட்டும் என்றார்கள். மரியாதையோடு போகட்டும் என்றார்கள்.

ஜப்பானில் ஊசிகளுக்கு இப்படி ஒரு சடங்கு உண்டு. 'ஹரி குயோ' என்று பெயர். டோக்கியோவின் சென்சோஜி கோயிலில் பிப்ரவரி 8-ம் தேதி நடக்கும். தைத்துத் தைத்து வளைந்த ஊசிகளையும், முனை உடைந்த ஊசிகளையும் பெண்கள் எடுத்து வந்து, மெத்தென்ற டோஃபு கட்டியில் குத்தி வைப்பார்கள். வாழ்நாள் முழுக்க முரட்டுத் துணியில் நுழைந்து நுழைந்து உழைத்த ஊசி, கடைசியாக ஒருமுறை மிருதுவான இடத்தில் இளைப்பாறட்டும் என்ற எண்ணம்! நாற்பது வருடம் தைத்த என் அம்மாவுக்கு இதைச் சொன்னபோது, ''அட, அதுங்களுக்குத் தோணியிருக்கு பாரு'' என்றார்.

அதே ஜப்பானில், சோனி நிறுவனம் 1999-ல் 'ஐபோ' என்ற ரோபோ நாய்க்குட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2006-ல் தயாரிப்பை நிறுத்தியது. 2014-ல் பழுது பார்க்கும் சேவையையும் நிறுத்திவிட்டது. அதன்பிறகு, 2015 முதல் சிபா மாகாணத்தின் இசுமி நகரில் உள்ள கோஃபுகுஜி என்ற புத்த கோயிலில், ஓடாமல் நின்றுபோன ஐபோக்களுக்கு இறுதிப் பிரார்த்தனை நடத்தினார்கள். ஒவ்வொரு பொம்மையிலும் அது யார் வீட்டில் வளர்ந்தது என்று எழுதிய அட்டை. பிரார்த்தனை முடிந்ததும் என்ன செய்தார்கள் தெரியுமா? அவற்றைப் பிரித்து, நல்ல பாகங்களை எடுத்து, பழுதான மற்ற ஐபோக்களுக்குப் பொருத்தினார்கள். உடலுறுப்பு தானம் போல! அழுது முடித்துக் கொடுத்துவிட்டார்கள். இதைப் பற்று என்று எப்படிச் சொல்வது?

மனிதருக்கு முன்னால் பொருள்

மூன்றாவது மறுப்புதான் கடினமானது. 'இயந்திரத்துக்காகக் கண்ணீர் விடுகிறவர்கள், அதோடு உழைத்த மனிதர்களுக்கு என்ன செய்தார்கள்?'

இந்தப் பத்திரிகை வேலைக்காகக் கோயில் கோயிலாகப் போகும்போதெல்லாம் ஒரு காட்சியைப் பார்க்கிறேன். தீபாராதனை நேரத்தில் சுவிட்சைத் தட்டினால், மணியும் முரசும் தானாக ஒலிக்கிற மெஷின். ஆள் கிடைக்கவில்லை, வருமானம் இல்லை, சின்னக் கோயில் என்ன செய்யும்? நியாயமான காரணங்கள்தான். ஆயுத பூஜையன்று அந்த மெஷினுக்கும் பொட்டு வைத்திருப்பதைப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால், அதே இடத்தில் ஒரு காலத்தில் நின்று கொட்டியவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. அவருக்கு வழியனுப்பு விழா நடந்திருக்குமா?

மெஷினுக்குப் பொட்டு, மனிதருக்கு மறதி என்றால், அந்தப் பொட்டுக்கு என்ன அர்த்தம்?

கல்லூரியில் தமிழ் படித்தபோது மனசில் தங்கிவிட்ட ஒரு நிகழ்ச்சி, இந்த இடத்தில் எனக்குக் கை கொடுத்தது. புறநானூற்றில் 50-வது பாட்டு சொல்லும் செய்தி. சங்க காலத்தில் வெற்றி முரசு சாதாரணப் பொருள் அல்ல. தெய்வமாக வைத்துப் போற்றினார்கள். அதை வைப்பதற்கென்று தனிக் கட்டில். சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறையின் அரண்மனையில், முரசை நீராட்டுவதற்காக எடுத்துப் போயிருந்த சமயம். களைத்து வந்த மோசிகீரனார் என்ற புலவர், அது முரசுக் கட்டில் என்று தெரியாமல் அதில் படுத்துத் தூங்கிவிட்டார். வாளால் வெட்ட வேண்டிய குற்றம் அது. மன்னன் வந்து பார்த்தான். வெட்டவில்லை. விசிறியை எடுத்துப் புலவருக்கு வீசினான்!

நன்றாகக் கவனியுங்கள். அந்த மன்னன் முரசின் புனிதத்தை மறுக்கவில்லை. நீராட்டி, பூச்சூட்டி, மரியாதை செய்கிறவன்தான். ஆனால், பொருளின் மரியாதையும் மனிதரின் களைப்பும் எதிரெதிரே வந்து நின்றபோது, எது பெரியது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. ஒரு பொருளை மதிக்கத் தெரிந்தவனுக்கு, அதைவிட அதிகமாக மனிதரை மதிக்கத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால், அது மரியாதை இல்லை, மயக்கம்.

இந்த அளவுகோலை வைத்து யோஹான்சனின் இசையை மறுபடி கேட்டேன். அது இயந்திரத்தைப் பற்றிய இசைதான். ஆனால், கேட்கக் கேட்க இயந்திரம் மறைந்து, அதன் முன்னால் நின்ற மனிதர் தெரிகிறார். அந்த அட்டைகளில் இருந்த கணக்குகள் என்ன, அச்சடித்த பட்டியல்கள் எத்தனை என்று இன்று யாருக்கு ஞாபகம் இருக்கிறது? அந்த இயந்திரம் சம்பளத்துக்குச் செய்த வேலை எல்லாம் போய்விட்டது. அதைப் பராமரித்த ஒருவர் ஆசைக்குச் செய்த வேலை மட்டும் தங்கிவிட்டது. மகன் வணங்கியது இரும்பை அல்ல. அந்த இரும்பில் படிந்திருந்த தன் தந்தையின் கைரேகையை!

யோஹான்சன் பிறகு திரைப்படங்களுக்கு இசையமைத்து உலகப் புகழ் பெற்றார். அதிலும் ஒரு பொருத்தம் பாருங்கள். குரலை இழந்து, ஒரு கணிப்பொறியின் குரலில் பேசி வாழ்ந்த விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்கின் வாழ்க்கையைச் சொன்ன 'தி தியரி ஆஃப் எவ்ரிதிங்' படத்துக்காகத்தான் அவருக்கு 2015-ல் கோல்டன் குளோப் விருது கிடைத்தது. 2018 பிப்ரவரியில் பெர்லினில் அவர் காலமானார். வயது 48-தான். அப்பாவின் டேப்பைப் பத்திரப்படுத்திய மகனும் இப்போது இல்லை. பாட்டு இருக்கிறது.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், மவுண்டன் வியூ என்ற ஊரில் கணிப்பொறி வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே இரண்டு 1401 இயந்திரங்களை மறுபடியும் இயங்க வைத்திருக்கிறார்கள். செய்தவர்களில் பலரும் ஓய்வு பெற்ற பொறியாளர்கள். சம்பளம் வாங்காமல், பல வருடங்கள் உழைத்துச் செய்திருக்கிறார்கள். இளம் வயதில் தங்களுக்குச் சோறு போட்ட இயந்திரத்துக்கு, வயதான காலத்தில் இவர்கள் கைப்பிடித்து எழுப்பி விட்டிருக்கிறார்கள். அதைப் பார்க்கப் போகிறவர்கள் இயந்திரத்தை மட்டுமா பார்ப்பார்கள்? அந்தப் பெரியவர்களையும் அல்லவா பார்ப்பார்கள்!

நான் செய்த தப்பு

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருகிறேன்.

மெஷினை எடைக்குப் போட்டது தப்பா? இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொள்ள யார் வீட்டிலும் இடமில்லை. பொருளுக்கும் ஒரு முடிவு உண்டு. அந்த இரும்பு உருகி வேறொன்றாக ஆகியிருக்கும். ஆகட்டும்.

நான் செய்த தப்பு வேறு. அது என் பொருள் என்று நினைத்தேன். வீட்டில் இருந்தது, வாடகை கொடுப்பது நான், ஆகவே முடிவும் என்னுடையது என்று நினைத்தேன். ஆனால், அந்தப் பெடலைத் தேய்த்தது அம்மாவின் பாதம். அந்த ஊசியைப் பார்த்துப் பார்த்து மங்கியது அம்மாவின் கண். நான் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருடைய நாற்பது வருடத்தை, அவர் இல்லாத நேரத்தில் கிலோ கணக்கில் நிறுத்துவிட்டேன். அதுதான் தப்பு.

கும்பிடு போட்டாயா என்று அம்மா கேட்டது மெஷினுக்காகத்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அம்மாவே அப்படித்தான் நினைத்திருப்பார். ஆனால், யாருடைய உழைப்பு அதில் இருந்தது என்று ஒரு நொடி நின்று நினைத்துப் பார்ப்பதற்குத்தான் அந்தக் கும்பிடு. கைகளைக் குவிக்க நின்றிருந்தால், அந்த ஒரு நொடியில் எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்திருக்கும். போனை எடுத்து, ''அம்மா, மெஷினைக் கொடுத்துடட்டுமா?'' என்று கேட்டிருப்பேன். அவரும் சரி என்றுதான் சொல்லியிருப்பார். வந்து ஒருமுறை பார்த்துவிட்டு, துடைத்துப் பொட்டு வைத்து அனுப்பியிருப்பார்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அந்த இசையையும் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, ''கம்ப்யூட்டர் பாடற மாதிரியா இருக்கு? யாரோ தனியா உக்காந்து முனகற மாதிரி இருக்கு'' என்றார். பிறகு எழுந்து போய், பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்து வந்தார். உள்ளே நான்கு பாபின்கள். ஒன்றில் நீல நூல் பாதி சுற்றியபடியே இருந்தது. ஏதோ ஒரு பள்ளிக்கூட யூனிஃபார்ம் நீலம். மெஷின் போனால் என்ன, அவர் தனக்கு வேண்டியதை எப்போதோ எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

''இது போதும்டி எனக்கு'' என்றார்.

வாசகர்களே, இன்று பொருள்கள் நம்மோடு அதிக நாள் தங்குவதில்லை. ஒரு செல்போனை இரண்டு, மூன்று வருடங்களில் மாற்றிவிடுகிறோம். எல்லாவற்றுக்கும் விழா எடுக்கச் சொல்லவில்லை. ஆனால், உங்கள் வீட்டிலும் ஓர் அம்மி இருக்கலாம், ஒரு சைக்கிள் இருக்கலாம், அப்பா வாங்கிய ரேடியோ இருக்கலாம். அதை வெளியே அனுப்பும் நாள் வந்தால், எடைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன்பு ஒரு நிமிஷம் நில்லுங்கள். அதில் யாருடைய கை உழைத்தது என்று யோசியுங்கள். அவர் இருக்கிறார் என்றால், அவரிடம் போய் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் இல்லை என்றால், அந்தப் பொருளுக்கு ஒரு கும்பிடு போடுங்கள்.

இரும்புக்கு அது தெரியாது. நமக்குத் தெரியும். அது போதும்.